பத்துக் கட்டுரை பாடமாக்கினால் ஓ.எல். இங்கிலிஷ் பாஸா?

பசறை, லுணுகலை, மடுல்சீமைப் பக்கத்துத் தோட்டங்களில் தரம் 11 பிள்ளை இருக்கிற வீட்டில் இதுதான் வேதவாக்கு: "பத்துக் கட்டுரையைப் பாடமாக்கு, இங்கிலிஷ் பாஸ்." பரீட்சை நெருங்க நெருங்க பதுளை டவுன் செமினார்களில் போட்டோகொப்பிக் கட்டுகள் கைமாறும். என் நண்பன், டெங்கு ஒழிப்பு, கைபேசியின் நன்மை தீமை. பிள்ளை விடியற்காலையில் இஸ்தோப்பில் உட்கார்ந்து ஒப்பிக்கும். சத்தம் கேட்டாலே பெற்றோருக்கு மனம் நிறைந்துவிடும்.

வினாத்தாளை ஒருமுறை விரித்துப் பாருங்கள். இப்போதுள்ள அமைப்பில் முதல் தாள் ஒரு மணித்தியாலம், இரண்டாம் தாள் இரண்டு மணித்தியாலம், மொத்தம் 16 டெஸ்ட். நீளமாக, ஏறத்தாழ 200 சொல்லில் எழுதக் கேட்பது கடைசி டெஸ்டில் மட்டும்தான். அதற்கு முன்னே 100 சொல் அளவில் ஒரு கடிதம் அல்லது வரைபட விளக்கம். மீதியில் பெரும்பகுதி வாசித்து விளங்குவது, பொருத்துவது, இடைவெளி நிரப்புவது. பதினாறில் ஒன்றுக்காக மூன்று மாதத்தைக் கொடுத்துவிட்டு, மற்றவற்றை அன்றைய அதிர்ஷ்டத்துக்கு விட்டுவிடுகிறோம்.

அந்த ஒன்றாவது கைகொடுக்குமா என்றால், அதுவும் சந்தேகம். டெங்குக் கட்டுரையைப் பாடமாக்கிய பிள்ளைக்கு "டெங்கு பற்றிக் காலைக்கூட்டத்தில் பேசு" என்று கேள்வி வருகிறது. சபையை விளிக்காமல், கட்டுரையை அப்படியே இறக்கிவைக்கும். திருத்துபவர் மொழியையும் எழுத்துப்பிழையையும் மட்டும் பார்ப்பதில்லை. கேட்டதற்கு உரிய விஷயம் இருக்கிறதா, ஒழுங்காகக் கோத்திருக்கிறதா என்பதற்கும் புள்ளி உண்டு. இன்னொரு ஆபத்து, ஓசையாக மட்டும் மனத்தில் பதித்தது நடுவில் ஒரு வசனம் மறந்தால் அங்கேயே நின்றுபோவது.

திரும்பத் திரும்ப வாசிப்பதுதான் மீட்டல் என்ற எண்ணமும் இதோடு ஒட்டிக்கொண்டது. 2006இல் அமெரிக்க உளவியலாளர்கள் ரோடிகரும் கார்ப்பிக்கியும் இதைச் சோதித்தார்கள். ஒரு பகுதி மாணவர்கள் பந்தியை மறுபடி வாசித்தார்கள். மறுபகுதியினர் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது மறுபடி வாசித்தவர்களே முன்னால். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது எழுதிப் பார்த்தவர்கள் முந்திவிட்டார்கள். செமினார் முடிந்து வெளியே வரும்போது "எல்லாம் விளங்கிற்று" என்று தோன்றுவதும், பரீட்சை மண்டபத்தில் கை ஓடாமல் நிற்பதும் ஏன் என்று இதிலிருந்து ஊகிக்கலாம்.

வரைபட விளக்கத்தையே எடுப்போம். செமினார் தாளில் பெரும்பாலும் கார் விற்பனை, நூலகப் புத்தகங்கள். தோட்டத்துப் பிள்ளைக்கு அதைவிடக் கிட்டிய கணக்கு வீட்டிலேயே இருக்கிறது. அம்மா எடுத்த கொழுந்து திங்கள் 16 கிலோ, செவ்வாய் 21, புதன் 18, வியாழன் மழை, அதனால் 11, வெள்ளி 18. கொப்பியில் ஐந்து சட்டம் கீறட்டும். செவ்வாய்க்கு 'ஹையஸ்ட்', வியாழனுக்கு 'லோவஸ்ட்', புதனும் வெள்ளியும் 'ஈக்வல்', திங்களைவிடப் புதன் கூட என்பதற்கு 'மோர் தான்'. கொப்பியை மூடிவிட்டு ஐந்து வசனம் எழுதட்டும். மூன்று நாள் கழித்து வேறு எண்களோடு திரும்ப எழுதட்டும். பரீட்சையில் கேட்பதும் இந்தச் சொற்களைத்தான், எண்கள்தான் மாறும்.

"முதலில் கிராமர் முடியட்டும், வாசிப்பைப் பிறகு பார்க்கலாம்" என்பது அடுத்த தப்பெண்ணம். பன்னிரண்டு காலத்தையும் அட்டவணையாக ஒப்பிக்கும் பிள்ளை, நான்கு வரி அறிவித்தலை வாசித்துக் கூட்டம் எத்தனை மணிக்கு என்று சொல்லத் தடுமாறுவதை எந்த டீச்சரும் பார்த்திருப்பார். இந்த விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் கோபமே உண்டு.

வகுப்பில் தமிழ் பேசினால் ஆங்கிலம் கெட்டுவிடும் என்பதும் அப்படித்தான். தாய்மொழியில் வாங்கிய வாசிப்புத் திறன் இரண்டாம் மொழிக்கும் உதவும் என்று கனடா அறிஞர் ஜிம் கம்மின்ஸ் 1979இலேயே எழுதினார். போகிறேன், போகிறாய், போகிறான், போகிறாள் என்று ஆளுக்கொரு விகுதி போடுகிற பிள்ளைக்கு, ஆங்கில நிகழ்கால வினை 'ஹீ', 'ஷீ', 'இட்' வருமிடத்தில் மட்டும் ஓர் 'எஸ்' கேட்கிறது என்று தமிழில் ஒரு நிமிடம் சொன்னால் போதும்.

உயர்தரத்துக்கு இங்கிலிஷ் கட்டாயமில்லையே என்பார்கள். உண்மைதான். தாய்மொழியும் கணிதமும் உட்பட ஆறு பாடச் சித்தியும், அவற்றில் மூன்றில் திறமைச் சித்தியும் இருந்தால் போகலாம். உயர்தரத்துப் பொது ஆங்கிலமும் இசட் புள்ளியில் சேராது. ஆனால் பசறை வீதியில் 2005இல் தொடங்கிய ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகத்தில் பாடம் நடப்பது ஆங்கிலத்தில். பஸ்ஸில் தினமும் அதைக் கடந்து போகிற பிள்ளைக்கு இதை யாராவது தரம் 11க்கு முன்னே சொல்ல வேண்டாமா?

"தோட்டத்துப் பிள்ளைக்கு இங்கிலிஷ் வராது" என்பதுதான் இவற்றில் மிக மோசமானது. அதன் வேர் மூளையில் இல்லை, சட்டத்தில் இருந்தது. 1907ஆம் ஆண்டுக் கட்டளைச்சட்டம் தோட்டத் துரைமாரிடம் கேட்டது 6 முதல் 10 வயதுப் பிள்ளைகளுக்குத் தாய்மொழியில் ஆரம்பக் கல்வி மட்டுமே. ஆங்கிலம் அந்தத் திட்டத்திலேயே கிடையாது. தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றதே 1970களில்தான். அப்படியிருந்தும் தோட்டத்தில் பிறந்த சி.வி. வேலுப்பிள்ளை ஆங்கிலத்தில் கவிதை எழுதினார். 1947இல் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து நாடாளுமன்றம் போனார். அவருக்கு அட்டன் மெதடிஸ்ட் கல்லூரி கிடைத்தது, பலருக்குக் கிடைக்கவில்லை.

உச்சரிப்பும் பேச்சும் பழக்குகிற எலகியூஷன் கிளாஸைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஓ.எல். ஆங்கிலம் எழுத்துப் பரீட்சை. உச்சரிப்புக்கு அதில் புள்ளி கிடையாது. காசு இருந்தால் போகட்டும். கடன் வாங்கி அனுப்ப வேண்டாம்.

ஆங்கில டீச்சரே இல்லாத பாடசாலைப் பிள்ளைக்கு அரசு தந்த மாணவர் நூலும் பயிற்சிநூலும் கையில் உண்டு. லயத்தில் இரண்டு மூன்று பேர் சேர்ந்தால் ஒருவர் ஒரு பந்தியை வாசித்துவிட்டு நூலை மூடலாம். மற்றவர்கள் யார், எங்கே, எப்போது, ஏன் என்று கேட்கலாம். பதில் பாதி தமிழில் வந்தாலும் முதல் வாரம் விட்டுவிடுங்கள்.