மழலையரின் விடாத இருமல்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

ஒரு வயது முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தைக்கு வரும் இருமல் ஒரு வாரத்துக்குள் நின்றுவிட வேண்டும் என்றும், நிற்காவிட்டால் கொடுத்த மருந்து போதவில்லை என்றும் பெரும்பாலான வீடுகளில் நம்பப்படுகிறது. குழந்தையின் இருமலைக் கையாள்வதில் நிகழும் தவறுகளில் பல, இந்த ஓர் எதிர்பார்ப்பிலிருந்தே தொடங்குகின்றன. பல ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்து 2013இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் வெளியிட்ட கட்டுரை, சளியுடன் வரும் சாதாரண இருமல் பாதிக் குழந்தைகளுக்கு 10 நாட்களில் அடங்குகிறது என்றும், பத்தில் ஒன்பது குழந்தைகளுக்கு அது அடங்க 25 நாட்கள் ஆகின்றன என்றும் காட்டியது. இந்த வயதில் ஆண்டுக்கு 6 முதல் 8 முறை சளி பிடிப்பது இயல்பு. பால்வாடிக்கோ மழலையர் பள்ளிக்கோ புதிதாகச் செல்லும் குழந்தைக்கு அதைவிடக் கூடுதலாகவும் பிடிக்கலாம். ஒரு சளியின் இருமல் ஓயுமுன்பே அடுத்த சளி தொற்றிக்கொள்ளும் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில், தனித்தனியான இரண்டு மூன்று தொற்றுகள் பெற்றோரின் கண்ணுக்கு ஒரே விடாத இருமலாகத் தெரிகின்றன. நாள்தோறும் தொடர்ந்து 4 வாரங்களைக் கடந்த இருமலையே குழந்தை மருத்துவம் நாள்பட்ட இருமல் என்று வகுத்துள்ளது.

இருமல் என்பது நோயன்று. மூச்சுப்பாதை தன்னைத் துப்புரவு செய்துகொள்ளும் அனிச்சைச் செயல். மூச்சுக்குழாயின் உட்சுவரில் கண்ணுக்குத் தெரியாத நுண்மயிர்கள் அடர்ந்துள்ளன. அவை இடைவிடாமல் அசைந்து தூசியையும் சளியையும் தொண்டையை நோக்கித் தள்ளுகின்றன. வைரஸ் தொற்று இம்மயிர்களைச் சிதைக்கும்போது, அவை மீண்டும் வளர்ந்து வேலைக்குத் திரும்பும்வரை சளியை வெளியேற்றும் பொறுப்பு முழுவதும் இருமலின் மேல் விழுகிறது. காய்ச்சல் தணிந்து, குழந்தை ஓடி விளையாடத் தொடங்கிய பின்னும் இருமல் மட்டும் நீடிப்பதற்குக் காரணம் இதுவே.

இந்த இருமலை அடக்கியாக வேண்டும் என்ற பதற்றம் பெற்றோரை முதலில் கொண்டுபோய் நிறுத்துமிடம் மருந்துக்கடை. இருமல் சிரப் குணம் தராவிட்டாலும் கெடுதல் செய்யாது என்னும் நம்பிக்கை, இன்று நிலவுவனவற்றுள் மிகவும் ஆபத்தானது. அதன் விலையைத் தமிழ்நாடு அண்மையில் கண்ணால் கண்டது. காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான கோல்ட்ரிஃப் என்னும் சிரப்பைக் குடித்த, பெரும்பாலும் ஐந்து வயதுக்குட்பட்ட 20க்கும் மேற்பட்ட குழந்தைகள், 2025ஆம் ஆண்டின் ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரையிலான காலத்தில், பெரும்பாலும் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா மாவட்டத்தில், சிறுநீரகம் செயலிழந்து இறந்தனர். தமிழ்நாடு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை நடத்திய பரிசோதனையில், அந்தச் சிரப்பில் டைஎத்திலின் கிளைக்கால் 48.6 சதவீதம் இருந்தது தெரியவந்தது. அனுமதிக்கப்பட்ட உச்ச அளவு 0.1 சதவீதம். பிரேக் எண்ணெய் போன்ற தொழிற்சாலைப் பொருட்களில் பயன்படும் இத்திரவம் இனிப்பாக இருப்பதால் நாக்கால் இனங்காண முடியாது. மருந்தைக் கரைக்கப் பயன்படும் தூய கரைப்பானுக்குப் பதிலாக, விலை குறைந்த, சோதிக்கப்படாத கரைப்பான் பயன்படுத்தப்படும்போது அது சிரப்புக்குள் புகுந்துவிடுகிறது. 1937இல் அமெரிக்காவில் நூற்றுக்கும் மேற்பட்டோர் இதே நஞ்சால் இறந்தனர். 1972இல் சென்னையிலும், 2022இல் காம்பியாவிலும் குழந்தைகள் இதற்குப் பலியாயினர். 1937இலேயே தெரிந்துவிட்ட ஒரு நஞ்சு, ஒவ்வொரு தொகுதிக் கரைப்பானையும் சோதித்தாலே தடுக்கப்படக்கூடிய ஒரு நஞ்சு, இன்னமும் குழந்தையின் வாய்வரை வந்து சேர்வது மன்னிக்கத்தக்கதன்று.

எனினும் கலப்படமற்ற சிரப் நல்லது என்று இதற்குப் பொருள் கொள்ளலாகாது. இருமலை அடக்கும் மருந்தும், மூக்கடைப்பை நீக்கும் மருந்தும், தூக்கம் வரவழைக்கும் ஒவ்வாமை மருந்தும் கலந்த இக்கூட்டு மருந்துகள், மழலையரின் இருமலைக் குறைப்பதாக இதுவரை நிறுவப்படவில்லை. அளவு சற்றே மிகுந்தாலும் படபடப்பு, மயக்கம், மூச்சு மந்தமாதல் ஆகிய விளைவுகளை அவை உண்டாக்கலாம். இத்தகைய கூட்டு மருந்துகளுள் பெரிதும் விற்பனையாகும் ஒன்றை 4 வயதுக்குட்பட்டோருக்குக் கொடுக்கலாகாது என்று புட்டியிலேயே அச்சிட வேண்டுமென 2023 டிசம்பரில் இந்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் தலைமை அதிகாரி ஆணையிட்டார். 2 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இருமல், சளி மருந்துகளை எழுதிக் கொடுக்கவோ வழங்கவோ கூடாது என்றும், 5 வயதுவரை பொதுவாக அவை பரிந்துரைக்கத்தக்கன அல்ல என்றும் மத்தியச் சுகாதாரப் பணிகள் தலைமை இயக்ககம் 2025 அக்டோபரில் அறிவுறுத்தியது. சென்ற முறை மிச்சமான புட்டியை அலமாரியிலிருந்து எடுத்து, சமையலறைக் கரண்டியில் உத்தேசமாக ஊற்றிக் கொடுக்கும் வழக்கம் இந்த அறிவுறுத்தல்களுக்குப் பின்னும் தொடர்கிறது.

கடை மருந்து வேண்டாமெனில் வீட்டு வைத்தியம் எல்லாமே பாதுகாப்பானது என்று கருதுவதும் பிழை. அவற்றுள் தேன் ஒன்றுக்கே ஓரளவு நல்ல சான்று உள்ளது. படுக்கைக்குப் போகுமுன் கொடுக்கும் அரைத் தேக்கரண்டித் தேன் இரவு இருமலைத் தணிக்கக்கூடும். ஆனால் ஒரு வயது நிரம்பாத குழந்தைக்கு ஒரு துளியும் கொடுக்கலாகாது. தேனில் இருக்கக்கூடிய ஒருவகைப் பாக்டீரியா வித்துகள் அக்குழந்தையின் குடலில் முளைத்து, தசைகளைச் செயலிழக்கச் செய்யும் பாட்டுலிசம் என்னும் நோயை உண்டாக்கும். தூதுவளை ரசமும் இளஞ்சூடான வெந்நீரும் தொண்டைக்கு இதமளிக்கும் என்ற அளவில் ஏற்கத்தக்கவை. தேங்காய் எண்ணெயில் கற்பூரத்தைக் காய்ச்சி நெஞ்சிலும் மூக்கடியிலும் தேய்ப்பது அப்படிப்பட்டதன்று. கற்பூரம் தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் உடலுக்குள் சென்று வலிப்பை உண்டாக்கக்கூடிய பொருள். அந்தக் கிண்ணம் குழந்தையின் கைக்கெட்டி அது வாய்க்குப் போய்விட்டால் ஆபத்து பன்மடங்காகும். எண்ணெய்க் குளியலின்போது மூக்கில் எண்ணெய் விட்டு ஊதிச் சளியை எடுப்பதும், அழும் குழந்தையின் மூக்கைப் பிடித்து விளக்கெண்ணெய் புகட்டுவதும் எண்ணெயை நேரே நுரையீரலுக்குள் இறக்கிவிடும். இதனால் நேரும் எண்ணெய் நிமோனியா தென்னிந்தியக் குழந்தைகளிடம் 1970களிலேயே மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளது. ஆவி பிடிப்பதற்காகக் குழந்தையைக் கொதிநீர்ப் பாத்திரத்தருகே உட்கார வைப்பதால் சளி விரைந்து குணமாவதில்லை, கொப்புளங்கள்தாம் மிஞ்சுகின்றன. குளித்த தலைக்குச் சாம்பிராணிப் புகை காட்டுவதும், மூடிய அறையில் கொசுவர்த்திச் சுருள் கொளுத்துவதும் இருமலை வளர்ப்பவை. ஒரு கொசுவர்த்திச் சுருள் வெளியிடும் நுண்துகள்கள் 75 முதல் 137 சிகரெட்டுகள் வெளியிடுபவற்றுக்கு ஈடானவை என்று 2003இல் வெளியான ஓர் ஆய்வு அளந்து கூறியது.

வாழைப்பழம், தயிர், ஆரஞ்சு, பால் ஆகியவை சளி கட்டும் என்பதற்கு ஆதாரம் இல்லை. சளியை உண்டாக்குவது கிருமியே; பசி குறைந்த நாட்களில் குழந்தை விரும்பி உண்ணும் சில உணவுகளையும் நிறுத்திவிடுவதால் எடைதான் குறைகிறது.

உணவைப் பொறுத்தவரை உண்மையாக அஞ்ச வேண்டியது வேறொன்று. தொண்டையில் சிக்கிய பொருள் இருமி முடித்ததும் வயிற்றுக்குப் போயிருக்கும் என்னும் நம்பிக்கை பல குழந்தைகளின் நுரையீரலைக் கெடுத்திருக்கிறது. கடைவாய்ப் பற்கள் முழுதும் முளைக்காத குழந்தை, வறுத்த நிலக்கடலையை வாயில் போட்டபடி ஓடும்போதோ சிரிக்கும்போதோ, அரைபடாத ஒரு பருப்பு மூச்சுக்குழாய்க்குள் இறங்கிவிடுகிறது. அந்தக் கணத்தில் கடும் புரையேறலும் முகம் சிவத்தலும் நிகழ்ந்து, சில நிமிடங்களில் எல்லாம் அடங்கியதுபோல் தோன்றும். உள்ளே பருப்போ ஈரத்தை உறிஞ்சி உப்பும், அதன் எண்ணெய் சுற்றியுள்ள சவ்வைப் புண்ணாக்கும், அடைபட்ட பகுதியில் சளி தேங்கிச் சீழ் பிடிக்கும். வாரக்கணக்கில் இருமலும் ஒரு பக்க நெஞ்சில் மட்டும் கேட்கும் இளைப்பும் தொடரும். கடலை, புளியங்கொட்டை, சீத்தாப்பழக் கொட்டை போன்றவை எக்ஸ்ரேயில் தெரிவதில்லை என்பதால் படம் சரியாக இருப்பது முழு உறுதி தராது. சிக்கியதை வெளியே எடுப்பதாகச் சொல்லும் தொக்கம் எடுப்பவரிடம் போவதால் நாட்கள்தாம் கழியும். மயக்க மருந்து கொடுத்து, ஒளிக்குழாயை மூச்சுப்பாதைக்குள் செலுத்திப் பொருளை வெளியே எடுக்கும் பிராங்கோஸ்கோப்பி ஒன்றே இதற்குத் தீர்வு. எனவே திடீரென்று தொடங்கிய இருமல் எனில், அன்று குழந்தை என்ன தின்றுகொண்டிருந்தது என்பதை மருத்துவர் கேளாவிட்டாலும் பெற்றோர் சொல்லியாக வேண்டும்.

சளி மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறினால் ஆன்டிபயாட்டிக் வேண்டும் என்று பலர் கேட்டு வாங்குகின்றனர். கிருமியுடன் போரிட்ட வெள்ளணுக்களிலுள்ள ஒரு நொதியே அந்தப் பச்சை நிறத்தைத் தருகிறது. வைரஸ் சளியிலும் அது தோன்றும். நிறத்தைவிட நாளும் ஓசையும் முக்கியமானவை. சளி குழம்பும் ஓசையுடைய ஈர இருமல் ஒரு நாளும் விடாமல் 4 வாரங்களைக் கடந்தால், மூச்சுக்குழாய்களில் பாக்டீரியா நிலைத்துவிட்ட நீடித்த அழற்சியாக அது இருக்கலாம். அந்நிலையில் மருத்துவர் எழுதும் ஆன்டிபயாட்டிக்கை, வழக்கமாக இரண்டு வாரங்கள், முழுமையாகக் கொடுக்க வேண்டும். தேவையற்ற முதல் வாரத்தில் கேட்டுப் பெறுவதும், தேவையான ஐந்தாம் வாரத்தில் பாதியில் நிறுத்துவதும் ஒரே அளவுக்குத் தவறு.

இருமி மெலிந்த குழந்தைக்கெல்லாம் பிரைமரி காம்ப்ளக்ஸ் என்று பெயர் சூட்டுவது தமிழ்நாட்டில் நெடுநாள் வழக்கம். காசநோய்க் கிருமி முதன்முறையாக நுரையீரலில் தங்கும்போது உண்டாகும் சிறு புண்ணையும் அதனருகே வீங்கும் நிணநீர்க் கணுவையும் சேர்த்துக் குறிக்கும் பெயர் அது. மான்டூ பரிசோதனையில் கையில் தோன்றும் தடிப்பு, கிருமி உடலுக்குள் நுழைந்துள்ளதைக் காட்டுமேயன்றி நோய் வந்துவிட்டது என்பதை உறுதிசெய்யாது. மழலையருக்குக் காறித் துப்பத் தெரியாது என்பதால், அதிகாலையில் வெறும் வயிற்றிலிருந்து எடுக்கும் இரைப்பை நீரைச் சோதித்துக் கிருமியைத் தேடுவதே முறை. மறுபுறம், இரண்டு வாரங்களுக்கு மேல் இருமலோ காய்ச்சலோ நீடித்து, எடையும் குறைந்து, வீட்டில் ஒருவருக்குக் காசநோய் இருக்குமானால், அதை மறைக்காமல் சொல்வது குழந்தையின் உயிரைக் காக்கும். பரிசோதனையும் சிகிச்சையும் அரசு மருத்துவமனைகளில் இலவசமாகவே கிடைக்கின்றன.

இன்ஹேலர் பழகிவிடும், அதைவிடச் சிரப் மென்மையானது என்பது வீசிங் என்னும் இளைப்பு உள்ள குழந்தைகளின் வீடுகளில் வேரூன்றிய எண்ணம். வீசிங்குக்குக் கொடுக்கும் சால்பியூட்டமால் சிரப்பின் 5 மில்லியில் 2 மில்லிகிராம் மருந்து உள்ளது. இன்ஹேலரின் ஓர் அழுத்தத்தில் வெளிவருவது 100 மைக்ரோகிராம், அதாவது இருபதில் ஒரு பங்கு. ஸ்பேசர் என்னும் குழலும் முகமூடியும் இணைத்துக் கொடுத்தால், வயிறு, இரத்தம் என்று சுற்றாமல் இந்தச் சிற்றளவு நேரே மூச்சுக்குழாயைச் சேர்கிறது. இது பழக்க அடிமைத்தனத்தை உண்டாக்கும் மருந்தன்று.

இருமலின் சத்தத்தைவிட மூச்சின் வேகமே ஆபத்தை முன்னதாகக் காட்டும். குழந்தை அழாமல் இருக்கும்போதோ உறங்கும்போதோ சட்டையை விலக்கி, வயிறு எழுந்து தாழ்வதை முழுதாக ஒரு நிமிடம் எண்ண வேண்டும். ஒரு வயதைக் கடந்த குழந்தைக்கு அந்த எண்ணிக்கை 40 அல்லது அதற்கு மேல் இருந்தாலோ, மூச்சிழுக்கும்போது விலா எலும்புகளுக்குக் கீழே குழி விழுந்தாலோ, உதடு நீலம் பூத்தாலோ, குடிக்க மறுத்து அசதியாகக் கிடந்தாலோ விடியும்வரை காத்திருக்காமல் 108ஐ அழைத்து மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.