காணி உறுதியைப் படமெடுக்க எந்தக் கமரா?

2004 டிசம்பர் 26 ஆம் திகதி வந்த கடல்கோள், கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருதுக் கரையோரங்களில் பல வீடுகளோடு காணி உறுதிகளையும் அள்ளிச் சென்றது. ஆவணங்களைப் படமெடுத்து வைப்பது நல்லது. எந்தக் கமராவால்?

தொழில்முறையாளரின் மிறர்லெஸ் கமராவில் லென்ஸைக் கழற்றி மாற்றலாம். ஒளியை வாங்கும் சென்சர், பெரிய வகையில் 36 க்கு 24 மில்லிமீற்றர். சட்டைப்பைக்குள் அடங்கும் சிறிய கமராக்கள் பலவற்றில் அது ஏறக்குறைய 6 க்கு 4.5 மில்லிமீற்றர், பரப்பில் 30 மடங்கு சிறியது. வாய்க்கால் அகன்றால் தண்ணீர் கூடப் பாயும். அதுபோல் சென்சர் பெரிதானால் ஒளி கூடச் சேரும். மங்கிய வெளிச்சத்திலும் படம் தெளியும்.

ஆனால் பகல் வெளிச்சத்தில் உறுதியை எடுக்கச் சிறிய கமராவே போதும். அதைக் கொண்டு திரிவதும் எளிது. லென்ஸ் நீளும் இடைவெளியில் மணல் சிக்காமல் உறையில் வையுங்கள்.

கவனிக்க வேண்டியவை:

1. ஒவ்வொரு பக்கத்தையும் நிழல் விழாமல், நேர் மேலிருந்து எடுங்கள்.
2. உறுதி இலக்கம், திகதி, நொத்தாரிசின் பெயர் வாசிக்கக்கூடியதாக இருக்கிறதா எனப் பாருங்கள்.
3. எல்லைக்கல்லை வாய்க்கால், அயல் வயலோடு சேர்த்து எடுங்கள்.
4. ஒரு பிரதியை வேறு ஊரிலுள்ள உறவினரிடம் கொடுத்து வையுங்கள்.

படம் உறுதியாகிவிடாது. ஆனால் உறுதி தொலைந்தால், காணிப் பதிவகத்தில் அதன் பிரதியைத் தேட அந்த இலக்கமே வழிகாட்டும்.