கடல்முயலும் நம் தேர்வும்

தேர்வுக்கு முதல்நாள் இரவில் நம் விடுதியைத் தொலைவில் நின்று பார்ப்பவர்க்கு, அங்கு ஏதோ திருவிழா நடப்பதாகத் தோன்றும். அறைதோறும் விளக்கு, மணிக்கொரு முறை தேநீர். அவ்விளக்குகளுள் ஒன்று என்னுடையது. சென்ற ஆண்டு ஒரு நூல் முழுவதையும் ஒரே இரவில் உருப்போட்டுத் தேறியும் விட்டேன். இரண்டு திங்கள் கழித்து அதன் தொடர்ச்சியைப் படிக்க அமர்ந்தபோது முதற் பக்கமே விளங்கவில்லை. கற்றது எங்கே போயிற்று?

இக்கேள்வியைச் சோதனை வாயிலாக ஆராய்ந்த முன்னோடி, ஜெர்மானிய அறிஞர் ஹெர்மன் எபிங்காஸ். சோதனை செய்தவரும் அவரே. சோதனைக்கு உட்பட்டவரும் அவரே! பழகிய சொற்களென்றால் பழைய நினைவுகள் துணைக்கு வந்துவிடும் என்று கருதி, மெய், உயிர், மெய் என்று கோத்துப் பொருளற்ற அசைகள் ஏறத்தாழ 2,300 ஆக்கிக்கொண்டார். (இங்கு வந்த புதிதில் இந்தி எண்கள் நம் காதில் விழுந்தது இப்படித்தான் அல்லவா?) ஓர் அசை வரிசையைத் தடுமாறாமல் ஒப்பிக்கும் வரை படிப்பார், சில காலம் விட்டு அதையே மீண்டும் படிப்பார், இரண்டாம் முறை எவ்வளவு உழைப்பு மிச்சமாயிற்று என்று கணக்கிடுவார். 1885-இல் வெளியான அவர் நூலின்படி, 20 நிமிடத்திற்குப் பின் 58 விழுக்காடு உழைப்பு மிச்சம். ஒரு மணிக்குப் பின் 44. ஒரு நாளுக்குப் பின் 34. ஒரு திங்களுக்குப் பின் 21. மறதி முதல் ஒரு மணியிலேயே பெரும்பகுதியை வாரிக்கொண்டு போகிறது; எஞ்சியதை மெல்ல மெல்லத்தான் அரிக்கிறது.

அந்நூலில் இன்னொரு கணக்கும் உண்டு. 12 அசை கொண்ட வரிசையை ஒரே நாளில் அடுத்தடுத்து 68 முறை படித்துப் பெற்ற பயனை, மூன்று நாட்களில் பகிர்ந்து 38 முறை படித்தே அவர் பெற்றுவிட்டார். அப்படியாயின் மிச்சமான 30 முறையின் உழைப்பைச் செய்தது யார்?

ஏறத்தாழ நூறாண்டு கழித்து, விடையின் ஒரு பகுதி ஒரு கடற்பிராணியிடமிருந்து கிடைத்தது. 1929-இல் வியன்னாவில் பிறந்து, சிறுவயதிலேயே அமெரிக்கா சென்ற எரிக் காண்டல், கடல்முயல் என்னும் நத்தையினத்தைத் தம் ஆய்வுக்கு எடுத்துக்கொண்டார். வேண்டாமென்று தடுத்த மூத்தோரும் உண்டு. ஆனால் மனித மூளையில் ஏறத்தாழ 8,600 கோடி நரம்பணுக்கள். கடல்முயலுக்கோ 20,000 அளவே. அவற்றுட் சில வெறுங்கண்ணுக்கே தெரியும் பருமன் உடையவை.

இப்பிராணி நீரை வெளிவிடும் குழாயைத் தொட்டால், செவுளை உள்ளிழுத்துக்கொள்ளும். வாலில் ஒரு மின்னதிர்ச்சி தந்துவிட்டுப் பிறகு தொட்டால், மெல்லிய தொடுகைக்கும் வெடுக்கென்று இழுக்கும். அஞ்சக் கற்றுக்கொண்டது! ஓர் அதிர்ச்சியால் வந்த அச்சம் சில நிமிடங்களே நிற்கிறது. நான்கைந்து அதிர்ச்சிகளை இடைவெளி விட்டுத் தந்தால் நாட்கணக்கில் நிற்கிறது.

இவ்விரண்டும் அளவில் மட்டும் வேறுபட்டவை அல்ல. முதலாவதில், இரு நரம்பணுக்கள் சந்திக்கும் இடத்தில் முன்பே இருந்த இணைப்பு சற்று மிகுதியான வேதிப்பொருளைச் சுரக்கிறது, அவ்வளவுதான். இரண்டாவதில், அணுவின் கருவிலுள்ள மரபணுக்கள் விழிக்கின்றன. புதிய புரதங்கள் உண்டாகின்றன. புதிய இணைப்புகள் துளிர்க்கின்றன. எண்ணிப் பார்த்தபோது, உணர்வு நரம்பணுவின் இணைப்புகள் ஏறத்தாழ இருமடங்காகியிருந்தன. புரதம் உண்டாகாதபடி மருந்தால் தடுத்துவிட்டால், குறுகிய நினைவு வழக்கம்போல் தோன்றுகிறது; நெடிய நினைவு தோன்றுவதே இல்லை. 2000-இல் நோபெல் பரிசை வேறு இருவரோடு காண்டல் பகிர்ந்துகொண்டார். நத்தையின் கணக்கை அப்படியே மாந்தர்மேல் ஏற்றுவது தகாது. எனினும் பழ ஈயிலும் எலியிலும் நெடிய நினைவுக்கு இதே வகைப் புரதங்கள் வேண்டியிருப்பதைக் கண்டுள்ளனர். நெடிய நினைவு உடலில் நிகழும் ஒரு வளர்ச்சி. நாற்றை நட்டுவிட்டு அன்றிரவே கதிர் அறுக்க முடியுமா?

"ஆனால் நீர் தேறிவிட்டீரே!" என்று நண்பர்கள் மடக்குவர். அதற்கும் விடை உண்டு. அமெரிக்காவில் ரோடிகர், கார்ப்பிக் என்னும் இருவர் நம்மைப் போன்ற மாணவர்களை வைத்துச் செய்த சோதனை 2006-இல் வெளியாயிற்று. உரைநடைப் பகுதி ஒன்றைச் சிலர் இருமுறை படித்தனர். சிலர் ஒருமுறை படித்துவிட்டு, அதைப் பாராமலே நினைவிலிருந்து எழுதிப் பார்த்தனர். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது இருமுறை படித்தவர் நினைவுகூர்ந்தது 81 விழுக்காடு. எழுதிப் பார்த்தவர் 75. ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோதோ முன்னவர் 42, பின்னவர் 56! என் தேர்வு மறுநாட் காலையில் நடந்தது. ஒரு வாரம் கழித்து வைத்திருந்தால் என் கதை வேறு.

இந்தி எண்களுக்கு வருகிறேன். உன்சாஸ், உன்சட், உன்ஹத்தர்: 49, 59, 69. அடுத்த பத்துக்கு ஒன்று குறைவு என்று எண்ணும் இம்முறை ஓராண்டாக என்னைக் குழப்பிற்று. பட்டியலைத் திரும்பத் திரும்பப் பார்ப்பதை இப்போது விட்டுவிட்டேன். இரண்டு நாளைக்கு ஒருமுறை வாயிலிலுள்ள காய்கறிக்காரரிடம் போய், வாங்கியவற்றின் கூட்டுத்தொகையை நானே இந்தியில் சொல்கிறேன். தவறினால் சிரித்துத் திருத்துகிறார். உன்சாசும் உன்சட்டும் வந்துவிட்டன. உன்ஹத்தர்தான் இன்னும் பிடிபடவில்லை. நாளை மறுநாள் பார்க்க வேண்டும்.