மருந்துக் கடை பில்லும் கம்ப்யூட்டர் கணக்கும்

சங்கத்தின் சென்ற பொங்கல் விழாவில், சாப்பாட்டுப் பந்தியில் என் பக்கத்தில் அமர்ந்த அன்பர் ஒருவர், "ரயில்வேயில் தண்டவாளம் பார்த்தவருக்கு மருந்துக் கடைக் கணக்கு எப்படி சார் வந்தது?" என்று கேட்டார். அவருடைய மகனும் நாக்பூரில் மெடிக்கல் ஷாப் வைத்திருக்கிறாராம். அவருக்கு அன்று பாதிதான் சொல்ல முடிந்தது, பாயசம் வந்துவிட்டது. மீதியை இங்கே எழுதுகிறேன். வடக்கே கடை வைத்திருக்கும் நம் குடும்பங்கள் பலவற்றிற்கும் இது உதவக்கூடும்.

என் தங்கை மகள் பி.பார்ம் படித்தவள். அவளும் மாப்பிள்ளையும் சேர்ந்து இங்கே மருந்துக் கடை நடத்தி வந்தார்கள். மருந்து அவள் பொறுப்பு, கணக்கு அவர் பொறுப்பு. 2024 பிப்ரவரியில் மாப்பிள்ளைக்குப் பக்கவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது. கடையை மூடாமல் அவளே ஓட்டினாள். ஆனால் ஸ்டாக்கிஸ்டுகள் கொடுத்த பில்கள் எல்லாம் ஒரு துணிப்பையில் சேர்ந்துகொண்டே போயின. அக்டோபரில் அந்தப் பையைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்து, "மாமா, நீங்கள் ஸ்டோர்ஸ் லெட்ஜர் எழுதினவர்தானே, இதைப் பாருங்கள்" என்றாள். நான் படித்தது சிவில் டிப்ளமா. ஆனால் ஃபிஷ் பிளேட்டும் போல்ட்டும் எத்தனை வந்தன, எத்தனை போயின என்று முப்பது வருடம் கணக்குக் காட்டியவன். சரியென்று உட்கார்ந்தேன்.

கடையில் இருந்தது டாலி. வேறு கடைகளில் மார்க் போன்றவை இருக்கும். எதுவானாலும் கொள்முதல் பில்லை ஏற்றும் முறை ஒன்றுதான். டாலியில் எஃப்9 அழுத்தினால் பர்ச்சேஸ் வவுச்சர் திறக்கும். திறந்ததும் விரல் பரபரக்கும், உடனே மருந்துப் பெயரை அடிக்கத் தோன்றும். அப்படிச் செய்யாதீர்கள். முதலில் பில்லின் தலைப்பைப் படியுங்கள்.

தலைப்பில் மூன்று விஷயம். ஒன்று, ஸ்டாக்கிஸ்டின் பில் நம்பரும் பில் தேதியும். வவுச்சர் நம்பர் என்பது நம் கம்ப்யூட்டர் தானாகப் போடுவது. அது வேறு, சப்ளையர் இன்வாய்ஸ் நம்பர் வேறு. பில்லில் எப்படி அச்சிட்டிருக்கிறதோ அப்படியே, கோடு புள்ளி உட்பட அடிக்க வேண்டும். எங்கள் பையில் ஒரு பில் இரண்டு முறை ஏறியிருந்தது. காலையில் சலானோடு சரக்கு வந்தபோது கடைப்பையன் சலானைப் பார்த்து "1045" என்று ஏற்றியிருக்கிறான். இரண்டு நாள் கழித்துப் பில் வந்தபோது அதையும் "எம்.எச்./1045" என்று ஏற்றியிருக்கிறான். கம்ப்யூட்டருக்கு இரண்டும் வெவ்வேறு பில். சரக்கு இரட்டிப்பு, கடனும் இரட்டிப்பு. நல்ல வேளை, பணம் இரண்டாவது முறை போகவில்லை. அன்று முதல் சலானை ஏற்றுவதில்லை, பில் வந்தால்தான் பர்ச்சேஸ் என்று வைத்துக்கொண்டோம்.

இரண்டாவது, ஜி.எஸ்.டி. எண். 15 இடம் கொண்டது. முதல் இரண்டு இலக்கம் மாநிலம், அடுத்த பத்து பான் எண். மகாராஷ்டிரத்துக்கு 27, மத்தியப் பிரதேசத்துக்கு 23, நம் தமிழ்நாட்டுக்கு 33. ஸ்டாக்கிஸ்ட் 27 என்றால் நம் கடைக்கு சி.ஜி.எஸ்.டி., எஸ்.ஜி.எஸ்.டி. என்று வரி பாதிப் பாதியாக வரும். இந்தூரிலிருந்து வந்த சரக்கென்றால் முழுவதும் ஐ.ஜி.எஸ்.டி. லெட்ஜரை மாற்றிப் போட்டால் கூட்டுத்தொகை சரியாகவே இருக்கும், ரிட்டர்னில்தான் உதைக்கும்.

மூன்றாவது, பில்லில் இருக்கும் நம்முடைய ஜி.எஸ்.டி. எண். இதைத்தான் யாரும் பார்ப்பதில்லை. இதில்தான் எங்களுக்குப் பெரிய அடி விழ இருந்தது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

இனி மருந்து வரிசைக்கு வருவோம். ஒரு வரிக்கு மருந்தின் பெயர், பேக்கிங், பாட்ச் நம்பர், எக்ஸ்பைரி, எம்.ஆர்.பி., நமக்குப் போட்ட விலை, இலவசம், தள்ளுபடி, வரி என்று ஒன்பது விஷயம் இருக்கும். கணக்கில் வரும் குழப்பம் பெரும்பாலும் இலவசத்தில்தான். ஓர் உதாரணம் போட்டுப் பார்க்கலாம்.

ஒரு மாத்திரை ஸ்ட்ரிப், எம்.ஆர்.பி. ரூ.105. மருந்துகளில் பெரும்பாலானவற்றுக்கு 12 சதவீதமாக இருந்த வரி, 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதமாகிவிட்டது. எம்.ஆர்.பி.யில் வரியும் சேர்ந்தே இருப்பதால், வரி நீங்கலாக ரூ.100. நமக்குப் போட்ட விலை ரூ.80 என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்து வாங்கினால் ஒன்று இலவசம், மேலே 2 சதவீதம் தள்ளுபடி. பத்து ஸ்ட்ரிப்புக்கு ரூ.800, தள்ளுபடி ரூ.16 போக ரூ.784. இதற்கு சி.ஜி.எஸ்.டி. ரூ.19.60, எஸ்.ஜி.எஸ்.டி. ரூ.19.60. ஆக ரூ.823.20. பில்லில் 20 பைசாவை விட்டு ரூ.823 என்று போட்டிருப்பான். அந்த 20 பைசாவுக்கு ரவுண்ட் ஆஃப் என்று ஒரு லெட்ஜர் வையுங்கள். விலையில் கை வைத்து 20 பைசாவைச் சரிக்கட்டினால் வரியும் மாறிவிடும்.

இப்போது கைக்கு வந்தது 11 ஸ்ட்ரிப். கடைப்பையன் 10 என்று ஏற்றினான். பதினோராவது ஸ்ட்ரிப் விற்கும்போது இருப்பு மைனஸ் ஒன்று என்று காட்டும். உடனே அவன் வேறு பாட்சிலிருந்து கழித்துவிடுவான். அங்கே தொடங்கும் வினை, வருடக் கடைசியில் எந்தப் பாட்சும் அலமாரியோடு ஒத்துப்போகாது. 11 என்று அடித்தாலோ ரூ.880 ஆகி, பில்லோடு கூடாது. டாலியில் இதற்கென்றே வந்த அளவு, பில் போட்ட அளவு என்று இரண்டு கட்டம் தனித்தனியாகக் காட்டும் வசதி உண்டு. வந்தது 11, பில் 10. அப்போது ஒரு ஸ்ட்ரிப்பின் அடக்க விலை 784ஐ 11ஆல் வகுத்து ரூ.71.27 என்று வரும். 80 ரூபாய்க்கு வாங்கினோம் என்று நினைத்துக்கொண்டிருந்தவளுக்கு எந்தக் கம்பெனி மருந்தில் உண்மையில் எவ்வளவு மிஞ்சுகிறது என்று அன்றுதான் தெரிந்தது.

காம்போசிஷன் திட்டத்தில் இருக்கும் சிறு கடைக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. உங்களுக்கு வாங்கிய வரி திரும்ப வராது. ஆகவே அந்த ரூ.39.20ம் அடக்க விலையில்தான் சேரவேண்டும்.

பேக்கிங்கைக் கவனியுங்கள். 10×10 என்றால் பத்து மாத்திரை கொண்ட பத்து ஸ்ட்ரிப். வாங்குவது பெட்டியாக, விற்பது ஸ்ட்ரிப்பாக, சில சமயம் நாலு மாத்திரை வெட்டியும். கடைசியில் எதில் விற்கிறோமோ அந்த அளவைத்தான் அடிப்படை அலகாக வைக்க வேண்டும்.

எக்ஸ்பைரி பற்றி எழுதக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது, ஏனென்றால் தவறு என்னுடையது. அட்டையில் மாதமும் வருடமும் மட்டும் இருந்தால் அந்த மாதத்தின் கடைசி நாள் வரை மருந்து செல்லும். எனவே சாஃப்ட்வேர் முழுத் தேதி கேட்டால் 1ஆம் தேதி போடாமல் 30 அல்லது 31 போட வேண்டும். இதையெல்லாம் பையனுக்குப் பாடம் நடத்திய நான், ஒரு கண் சொட்டு மருந்துக்கு மங்கலாக அச்சாகியிருந்த பில்லைப் பார்த்து 03/25 என்பதை 08/25 என்று ஏற்றிவிட்டேன். 2025 மே மாதம், கண்புரை ஆபரேஷன் முடிந்த ஒரு பெரியவர், லோகோ ஷெட்டில் என்னோடு பழகியவர், அந்தப் பாட்டிலை வாங்கிப் போனார். கம்ப்யூட்டர் வாய் திறக்கவில்லை. அதற்கு நான் சொன்னதுதானே தெரியும்! மாலையில் அவரே திரும்பி வந்து, "தம்பி, என் பேத்தி இதைப் படித்துவிட்டுப் போடாதே தாத்தா என்கிறாள்" என்று பாட்டிலை மேஜை மேல் வைத்தார். சொட்டு போட்டிருக்கவில்லை. அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. இப்போது எங்கள் கடையில் பாட்ச் நம்பரும் எக்ஸ்பைரியும் பில்லைப் பார்த்து ஏற்றுவதில்லை. ஒருவர் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு உரக்கப் படிக்க, இன்னொருவர் அடிக்கிறார். விற்கும்போதும் ஒரு முறை அட்டையைப் பார்க்கிறார்கள். நேரம் பிடிக்கிறது, பிடிக்கட்டும்.

இனி, மேலே விட்ட விஷயம். ஸ்டாக்கிஸ்ட் தன் ஜி.எஸ்.டி.ஆர்.-1ல் நம் பில்லைக் காட்டினால்தான் அது நம் 2பி அறிக்கையில் வரும். 2பியில் வந்தால்தான் வரியைக் கழித்துக்கொள்ளலாம். ரயில்வேக்காரருக்குச் சொன்னால் சட்டென்று விளங்கும்: அடுத்த ஸ்டேஷன் லைன் கிளியர் கொடுக்காமல் வண்டியை விடக்கூடாது. வண்டி நம்முடையதுதான், சரக்கும் ஏற்றியாகிவிட்டது, ஆனாலும் கூடாது. மாதாமாதம் ரிட்டர்ன் போடுகிறவர்களுக்கு 2பி அடுத்த மாதம் 14ஆம் தேதி வரும். நான் பிப்ரவரி, மார்ச் பில்களை 2பியோடு ஒவ்வொன்றாக டிக் அடித்துக்கொண்டு போனபோது, ஒரே ஸ்டாக்கிஸ்டின் 7 பில்கள் அங்கே இல்லை. பணம் கொடுத்தாகிவிட்டது. வரி மட்டும் 6,000 ரூபாய்க்கு மேல். பில்லை மறுபடி பார்த்தால் நம் எண் பிசகி, வேறு யாருக்கோ போயிருக்கிறது. 2023-24ஆம் வருடத்துப் பில்லைத் திருத்தவும், அந்த வரியை எடுக்கவும் 2024 நவம்பர் 30தான் கடைசி நாள். நான் கண்டுபிடித்தது அக்டோபர் மூன்றாம் வாரம். ஸ்டாக்கிஸ்ட் முதலில், "பார்க்கலாம் பாய்சாப்" என்றார். நான் தினமும் பத்து மணிக்கு அவர் கவுண்டரில் போய் நின்றேன். ரிட்டையரான மனிதனுக்கு நேரம்தானே சொத்து. நவம்பர் 11க்குள் போட்ட ரிட்டர்னில் திருத்தினார், வரி வந்தது. மாப்பிள்ளையின் பிசியோதெரபி செலவு ஒரு மாதத்துக்கு ஆயிற்று.

இன்னொன்றும் உண்டு. பில் தேதியிலிருந்து 180 நாளுக்குள் ஸ்டாக்கிஸ்டுக்குப் பணம் கொடுக்காவிட்டால், எடுத்த வரியை வட்டியோடு திருப்பிக் கட்ட வேண்டும். ஆகவே பில்வாரியாகப் பாக்கி காட்டும் வசதியைத் திறந்து வையுங்கள். பணம் கொடுக்கும்போது எந்தப் பில்லுக்கு என்று குறிக்காமல் மொத்தமாகப் போட்டால் அந்த வசதி இருந்தும் பயனில்லை.

காலாவதிச் சரக்கைத் திருப்பும்போது டெபிட் நோட் போட்டு, எந்தப் பாட்ச், எந்தப் பில் என்று குறிக்க வேண்டும். 12 சதவீதக் காலத்துப் பில்லில் வந்தது, இன்று 5 என்பதால் 5ல் போகக்கூடாது. ஸ்டாக்கிஸ்டின் கிரெடிட் நோட் அந்தப் பழைய பில்லை ஒட்டியே வர வேண்டும். முதலில் பாட்சைச் சரியாக ஏற்றியிருந்தால் பழைய பில் ஒரு நிமிடத்தில் கிடைக்கும். இல்லாவிட்டால் துணிப்பையைத் துழாவ வேண்டியதுதான்.

இப்போது பில் ஏற்றுவதை அவளே செய்கிறாள். மாப்பிள்ளை இடது கையால் டிக் அடிக்கப் பழகிவிட்டார். 15ஆம் தேதி 2பியைச் சரிபார்ப்பது அவர் வேலை. போன மாதம் அறிக்கையில் எங்களிடம் இல்லாத ஒரு பில்லை அவர்தான் பிடித்தார். விசாரித்தால், ஏறக்குறைய அதே பெயருள்ள வேறொரு கடையின் சரக்கு அது. ஸ்டாக்கிஸ்டுக்குப் போன் செய்தவரும் அவரே. பேச்சு இன்னும் கொஞ்சம் குழறுகிறது, ஆனால் பில் நம்பரைத் தெளிவாகச் சொன்னார்.