நிரல்மொழியை உடைமையாக்க இயலுமா?

நுழையும்முன்

கணினிக்குக் கட்டளையிட மனிதர் வகுத்தவை நிரல்மொழிகள். அவற்றுள் பல, மூலநிரலை யாவரும் படிக்கவும் திருத்தவும் பகிரவும் இசைவளிக்கும் கட்டற்ற உரிமத்துடன் வழங்கப்படுகின்றன. அத்தகைய மொழியொன்றைப் பெருநிறுவனம் தனதாக்கிக்கொள்ள முடியுமா? ஜாவாவின் வரலாற்றில் இதற்கு விடை தேடுவோம்.

கைமாறிய மொழி

சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தில் ஜேம்ஸ் காஸ்லிங் தலைமையிலான குழுவினர் உருவாக்கிய ஜாவா, 1995ஆம் ஆண்டு வெளியானது. 2006ஆம் ஆண்டு நவம்பரில், அதன் மூலநிரலைக் குனு பொது உரிமத்தின்கீழ் வெளியிடப்போவதாக அந்நிறுவனம் அறிவித்தது. ஓபன்ஜேடிகே என்னும் கட்டற்ற ஜாவா அவ்வாறு பிறந்தது. 2010 ஜனவரியில் சன் நிறுவனத்தை ஆரக்கிள் வாங்கியபோது, ஜாவாவின் பதிப்புரிமையும் வணிகக்குறியும் அதனிடம் சென்றன.

நீதிமன்றத்தில் ஜாவா

அவ்வாண்டு ஆகஸ்டில் ஆரக்கிள், கூகுள்மீது வழக்குத் தொடுத்தது. கூகுள் தன் ஆண்ட்ராய்டு இயங்குதளத்தில், ஜாவாவின் ஏறத்தாழ 11,500 அறிவிப்பு வரிகளை அப்படியே எடுத்தாண்டிருந்தது. அவ்வரிகள் குறிக்கும் பணிகளைச் செய்யும் நிரலைத் தானே எழுதியிருந்தது. ஜாவா அறிந்தோர் புதிய தளத்திலும் எளிதில் பணியாற்ற அது வழிசெய்தது. பத்தாண்டுகளுக்கும் மேல் நீடித்த இவ்வழக்கில், அது நியாயமான பயன்பாடே என 2021 ஏப்ரலில் அமெரிக்க உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. நீதிபதிகளுள் அறுவர் இத்தீர்ப்பை ஏற்றனர், இருவர் மறுத்தனர். எனினும், அவ்வரிகளுக்குப் பதிப்புரிமை உண்டா என்னும் அடிப்படை வினாவை நீதிமன்றம் முடிவு செய்யவில்லை.

பெயரும் பொருளும்

ஜாவாவின் ஒரு பிரிவான ஜாவா இஇயை எக்லிப்ஸ் அறக்கட்டளையிடம் ஒப்படைக்க 2017ஆம் ஆண்டு ஆரக்கிள் முன்வந்தது. நிரல் சென்றது, பெயர் செல்லவில்லை. எனவே அது 2018ஆம் ஆண்டு ஜகார்த்தா இஇ எனப் புதுப்பெயர் பூண்டது. 2019ஆம் ஆண்டு, ஜாவாவின் எட்டாம் பதிப்பை வணிகத்திற்குப் பயன்படுத்துவோர் ஆரக்கிளின் புதிய திருத்தங்களைப் பெறக் கட்டணம் செலுத்த வேண்டிய நிலை ஏற்பட்டது. ஆயினும் ஜாவா முடங்கவில்லை. திறந்திருந்த மூலநிரலைக் கொண்டு அமேசான், ரெட் ஹாட் முதலிய நிறுவனங்கள் தத்தம் ஜாவா வெளியீடுகளை வழங்கின.

காப்பவர் யார்?

ஆகவே, பெருநிறுவனம் ஒரு மொழியின் பெயரைக் கைக்கொள்ளலாம். அதை வளர்ப்போரைப் பணியில் அமர்த்தலாம். வருங்காலப் பதிப்புகளின் போக்கைத் தீர்மானிக்கலாம். ஆனால், கட்டற்ற உரிமத்துடன் உலகிற்கு ஏற்கெனவே வழங்கப்பட்ட நிரலைத் திரும்ப அள்ளிக்கொள்ள இயலாது.

இதை உணர்ந்தே சில மொழிகள் முன்கூட்டியே வேலி அமைத்துள்ளன. பைத்தான் மொழியை ஐவர் கொண்ட குழு வழிநடத்துகிறது. அவர்களுள் இருவருக்கு மேல் ஒரே நிறுவனத்தின் பணியாளராக இருத்தல் கூடாது என்பது விதி.

எனினும், உரிமமும் விதியும் தாமாக ஒரு மொழியைக் காப்பதில்லை. திறந்த கதவு, அதன்வழி நுழைவோர்க்கே பயன் தரும். மூலநிரலைப் படித்தறிந்து பேணவல்லவர் இருக்கும்வரையே அம்மொழி பொதுவுடைமையாக நிலைக்கும். அத்தகையோர் குறைந்தால், சட்டம் எதுவும் மாறாமலேயே மொழி சிலரது கைக்குள் சென்றுவிடும்.

கற்பவை கற்றபின்...

நீங்கள் பயன்படுத்தும் மென்பொருள் ஒன்றின் உரிமத்தைப் படித்து, அது உங்களுக்கு அளிக்கும் உரிமைகளையும் மறுக்கும் உரிமைகளையும் பட்டியலிட்டு வகுப்பில் கலந்துரையாடுக.