புதிய செயன்முறை எவ்வாறு உருவாகின்றது?



செய்நிரலும் செயன்முறையும் ஒன்றே என எழுதிப் புள்ளிகளை இழப்போர் ஒவ்வொரு வகுப்பிலும் உள்ளனர். செய்நிரல் என்பது வன்தட்டில் சேமித்து வைக்கப்பட்டுள்ள அறிவுறுத்தல்களின் தொகுதி. அது முதன்மை நினைவகத்தில் ஏற்றப்பட்டு இயங்கும்போதே செயன்முறை எனப்படும். நீங்கள் எழுதிய பஸ்கால் செய்நிரலை இரு யன்னல்களில் இயக்கிப் பாருங்கள். செய்நிரல் ஒன்று, செயன்முறைகள் இரண்டு.

புதிய செயன்முறை ஒன்றுக்குப் பணிசெயல் முறைமை அடையாள எண்ணையும் நினைவக இடத்தையும் வழங்கி, அதன் விபரங்களைத் தனது அட்டவணையில் பதிகின்றது.

1969 இல் பெல் ஆய்வுகூடத்தில் ஆரம்பமான யுனிக்ஸிலும், பின்வந்த லினக்ஸிலும் இதற்கு ஒரு விநோதமான வழி உண்டு. இயங்கிக்கொண்டிருக்கும் செயன்முறை 'ஃபோர்க்' என்னும் அழைப்பை விடுத்துத் தன்னையே பிரதி செய்கின்றது. முதலாவது தாய், பிரதி சேய். இரண்டும் ஃபோர்க்கிற்கு அடுத்த வரியிலிருந்து தொடரும். தான் யார் என எப்படி அறியும்? ஃபோர்க் சேய்க்கு 0 ஐயும், தாய்க்குச் சேயின் அடையாள எண்ணையும் திருப்பிக் கொடுக்கும். வேறு செய்நிரலை இயக்க வேண்டுமாயின் சேய் 'எக்செக்' அழைப்பின் மூலம் தன் உள்ளடக்கத்தை மாற்றிக்கொள்ளும்.

முழுவதையும் பிரதி செய்து பின் அழிப்பது வீண்வேலை அல்லவா? நல்ல கேள்வி. லினக்ஸ் உடனே பிரதி எடுப்பதில்லை. நண்பியின் கொப்பியை இருவரும் பார்த்துப் படிக்கலாம். ஒருவர் அதில் எழுத முற்படும்போது அந்தப் பக்கத்தை மட்டும் போட்டோக்கொப்பி எடுத்தால் போதும். நினைவகப் பக்கங்களும் அவ்வாறே. விண்டோஸில் தன்னைப் பிரதி செய்யும் படி இல்லை. ஒரே அழைப்பில் புதிய செய்நிரலுடன் செயன்முறை உருவாகும்.

இனி ஒரு கணக்கு. அடுத்தடுத்து இரு வரிகளில் ஃபோர்க் உள்ளது. மொத்தம் எத்தனை செயன்முறைகள்? என் வகுப்பில் பெரும்பாலானோர் 3 என்றனர். தவறு! முதல் வரியின் பின் 2. அந்த இரண்டுமே அடுத்த வரியை இயக்குவதால் 4. மூன்று வரிகளாயின் 8. எது முதலில் இயங்கும் என முன்கூட்டியே கூற முடியாது. அதைத் தீர்மானிப்பது பணிசெயல் முறைமை.

வினாவை ஆறுதலாக வாசியுங்கள். "புதிதாக உருவானவை எத்தனை" எனக் கேட்டிருந்தால், இரு வரிகளுக்கு விடை 3 தான்.