ஐபி கையில் வராமல் பணம் கட்டாதே

அறந்தாங்கி,
வெள்ளிக்கிழமை.

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமா எழுதுவது. நேற்று ராத்திரி அக்கா, அதான் உங்க அம்மா, போன் பண்ணினாள். டைல்ஸ் வேலையில் நீ ஸ்கில் டெஸ்ட் பாஸ் ஆனதைச் சொல்லும்போதே அவளுக்குக் குரல் தழுதழுத்தது. அப்புறம்தான் மற்றதைச் சொன்னாள். ஏஜென்ட் நாலு லட்சம் கேட்கிறானாம். திங்கட்கிழமைக்குள் பாதி கட்டணுமாம். வீட்டுப் பத்திரத்தை வைத்துப் புரட்டலாமா என்று மச்சான் யோசிக்கிறாராம். எனக்கு அதற்கப்புறம் தூக்கமே வரவில்லை. இதெல்லாம் போனில் சொன்னால் நிற்காது, அதனால்தான் எழுதுகிறேன்.

1996-இல் நான் சிங்கப்பூர் போனபோது எனக்கு 23 வயது. உங்க அம்மாச்சியின் தாலிச் செயினை அடகு வைத்து, அரை ஏக்கர் புஞ்சையை ஒத்திக்குக் கொடுத்துப் பணம் கட்டினேன். நாளுக்கு 18 வெள்ளி என்று இங்கே சொன்னார்கள். அங்கே போய் முதல் சம்பளக் கவரைப் பிரித்தால் கணக்கு 14 வெள்ளியில் போட்டிருந்தது. கேட்டதற்கு, நான் கையெழுத்துப் போட்ட பேப்பரையே எடுத்துக் காட்டினார்கள். அதில் 14 என்றுதான் இருந்தது. ஏர்போர்ட்டுக்குக் கிளம்புகிற அவசரத்தில், கார் பானெட்டில் வைத்து, என்ன ஏது என்று பார்க்காமல் போட்ட கையெழுத்து. ஏழாவது மாதம் கம்பெனிக்கு வேலை இல்லை என்று ஒர்க் பெர்மிட்டை கேன்சல் பண்ணி விமானம் ஏற்றிவிட்டார்கள். செயினை மீட்க மூன்று வருஷம் ஆனது. புஞ்சை வரவே இல்லை. அம்மா சாகும்வரை அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. அதுதான் எனக்கு இன்றைக்கும் வலி.

1999-இல் மறுபடி போய்ப் பதினெட்டு வருஷம் இருந்தேன். நல்ல கம்பெனி, நல்ல சூப்பர்வைசர். தங்கச்சிகள் கல்யாணம், இந்த வீடு எல்லாம் அந்தக் காசுதான். அதனால் போகாதே என்று சொல்ல மாட்டேன். ஐபி வராமல் ஒரு பைசா கட்டாதே என்றுதான் சொல்கிறேன்.

பெர்மிட்டுக்கு மனுப் போடுவது ஏஜென்ட் இல்லை, அங்கே உள்ள கம்பெனி. சிங்கப்பூர் மனிதவள அமைச்சு, நம்ம ஆட்கள் எம்ஓஎம் என்பது, மனுவைப் பார்த்து ஒப்புதல் கடிதம் கொடுக்கும். அதுதான் ஐபி. நீ ஊரை விட்டுக் கிளம்புவதற்கு முன்னாலேயே உனக்குப் புரிகிற மொழியில் அது உன் கைக்கு வரணும். அனுப்பவேண்டியது கம்பெனியின் கடமை. கம்பெனி பேர், என்ன வேலை, மாதம் அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, அலவன்ஸ் எவ்வளவு, சாப்பாட்டுக்கும் ரூமுக்கும் எவ்வளவு பிடிப்பார்கள் என்று எல்லாம் அதில் எழுதியிருக்கும். அடிப்படைச் சம்பளம் என்ற வரியில் விரலை வைத்துப் படி. ஓடி, அதாவது ஓவர்டைம், சேர்த்து இவ்வளவு வரும் என்று ஏஜென்ட் சொல்வதைக் கணக்கில் சேர்க்காதே. ஓடி இருந்தால்தான் வரும். இருந்தால் ஒன்றரை மடங்கு கொடுக்கணும், அது சட்டம். அந்தப் பேப்பரில் போட்ட சம்பளத்தை, நீ எழுத்தில் சம்மதித்து, கம்பெனி எம்ஓஎம்முக்கும் தெரிவித்தால் ஒழிய, குறைக்க முடியாது. அங்கே போனதும் வேறு தாளை நீட்டினால் கையெழுத்துப் போடாதே.

லெவி கட்டணும், பாண்டு கட்டணும் என்று ஏஜென்ட் பணம் கேட்பான். இரண்டும் முதலாளி தலையில் உள்ளவை. மலேசியாக்காரர் அல்லாத ஒவ்வொரு பெர்மிட் ஆளுக்கும் கம்பெனி அரசாங்கத்துக்கு 5,000 வெள்ளிக்கு பாண்டு கொடுக்கணும், மாதாமாதம் லெவியும் கட்டணும். அதை உன்னிடம் வாங்குவது அங்கே குற்றம். வருஷத்துக்கு 60,000 வெள்ளிக்குக் குறையாத மருத்துவ இன்சூரன்ஸ் எடுப்பதும் அவர்கள் பொறுப்பு. இந்தப் பக்கம் பார்த்தால், நம்ம நாட்டில் பதிவு பெற்ற ஏஜென்ட் 30,000 ரூபாயும் அதற்கு ஜிஎஸ்டியும்தான் வாங்கலாம். உங்க ஆள் பதிவு பெற்றவன்தானா என்று இ-மைக்ரேட் தளத்தில் பார். ரசீது கொடுப்பானா என்று கேள். விசிட் விசாவில் போ, அங்கே போய் பெர்மிட்டாக மாற்றிக்கலாம் என்று அவன் வாயில் வந்தால் அப்படியே எழுந்து வந்துவிடு.

நாலு லட்சம் கடன், நூற்றுக்கு மூன்று வட்டி. மாதம் 12,000 ரூபாய் வட்டிக்கே போகும், அசல் அப்படியே நிற்கும். மச்சானிடம் இந்தக் கணக்கை நீயே சொல்.

போன பிறகு உள்ளது கொஞ்சம்தான். இரண்டு வாரத்துக்குள் மெடிக்கல் எடுக்கணும். சேஃப்டி கோர்ஸ் பாஸ் ஆகணும், ரேகை கொடுக்கணும், கார்டு வரும். பாஸ்போர்ட் உன்னிடமே இருக்கட்டும். பெர்மிட் அந்தக் கம்பெனியோடு கட்டிப்போட்டது, ஞாயிற்றுக்கிழமை வேறு இடத்துக்கு நாள்கூலிக்குக் கூப்பிட்டால் போகாதே. அப்படிப் போய்ப் பிடிபட்ட திருவாரூர்ப் பையன் ஒருவனை எனக்குத் தெரியும். அவனால் மறுபடி அந்த ஊரில் கால் வைக்க முடியவில்லை.

ஒரு சின்ன டைரி வாங்கிக்கொள். நான் ராத்திரி படுக்கும் முன்னால் எத்தனை மணிக்கு சைட்டில் இறங்கினேன், எத்தனை மணிக்கு லாரி ஏறினேன், எந்த சைட், இது மூன்றும் எழுதாமல் படுத்ததில்லை. 2009-இல் ஒரு தடவை நாற்பது மணி நேர ஓடி விட்டுப்போயிற்று. சிமெண்ட் கறை படிந்த அந்த டைரியைக் கொண்டுபோய் ஆபீஸ் மேஜையில் வைத்தேன். அடுத்த சம்பளத்தில் சேர்த்துக் கொடுத்தார்கள். தொகை போடாத வவுச்சரில் மட்டும் எந்தக் காலத்திலும் கையெழுத்து வேண்டாம். வேலையில் அடிபட்டால் டாக்டரிடம் வேலையில் அடிபட்டது என்றே சொல், ரூமில் விழுந்தேன் என்று சொல்லச் சொன்னாலும் சொல்லாதே. நஷ்டஈடு அந்த ஒரு வார்த்தையில் இருக்கிறது. சம்பளம் நின்றால் மாதக்கணக்கில் பொறுத்திராதே. வேலையை விட்டபின் ஆறு மாதம் தாண்டினால் வழக்கு எடுக்க மாட்டார்கள்.

நான் வருவதற்கு முன்னால் ஏஜென்ட் வந்தால், மாமா வந்ததும் பேசிக்கலாம் என்று மச்சானைச் சொல்லச் சொல். வேறு ஆள் இடத்தைப் பிடித்துவிடுவான் என்று அவசரப்படுத்துவான், படுத்தட்டும். டெஸ்ட் பாஸ் ஆன கை உன்னுடையது, அது எங்கேயும் போகாது. ஞாயிறு காலை முதல் பஸ்ஸில் வருகிறேன். அவன் இதுவரை கொடுத்த தாள் எதுவாக இருந்தாலும், விசிட்டிங் கார்டு உட்பட, எடுத்து வை. அக்காவிடம் பத்திரத்தைப் பெட்டியை விட்டு எடுக்க வேண்டாம் என்று சொல்.

அன்புடன்,
மாமா